குறைகள் என்று நான் எண்ணி வைத்திருந்தவை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வெளியே காரில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே நான் ஒரு பொய் சொன்னேன். நீங்கள் மூவரும் சிட்னிக்குக் குடிபோகிறீர்கள் என்று நான் நாலு பேரை அழைத்துச் சமைத்துப் போட்ட மதியச் சாப்பாடு அது. ராணி அன்ரி பாயசக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "இனியாவுக்கு மூண்டு வயசாகுது. அடுத்ததைப் பற்றி ஒரு யோசினையும் இல்லையோ?" என்று கேட்டார். அவர் கேட்பார் என்பது எனக்கு முதலே தெரியும். பதிலையும் தயாராகத்தான் வைத்திருந்தேன். "அவவுக்கு வேலைதான் பெரிசு. உடம்பு கெட்டுப்போயிடுமெண்டு பயம். இந்தக் காலத்துப் பிள்ளையள்தானே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். குசினியில் உன் மனைவி கவிதா பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். தண்ணீர்க் குழாய் நின்றது. சற்றுநேரம் கழித்துத் திரும்பவும் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் பாயசம் காணுமா, இன்னும் கொண்டுவரவா என்று மட்டும் எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கூடத்தில் இருந்தவர்களில், கவிதாவின் உடம்புக்கு என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தன் தசைகளைப் பகையென்று எண்ணித் தாக்குகிற நோய். இனியா வயிற்றில் இருக்கும்போது தொடங்கி, அவள் பிறந்த பிறகு தாயைப் படுக்கையில் போட்ட நோய். மூன்று வருடங்களாக அதன் பெயரை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இடுப்பு நோவு, "நாரிப்பிடிப்பு" என்றேன், "இரத்தம் குறைவு" என்றேன், இப்போது "உடம்பு கெட்டுப்போகும் என்ற பயம்" என்றும் சொல்லிவிட்டேன். வருத்தக்கார மருமகள் என்று ஊர் கதைக்கும் என்பதற்காக மறைத்தேன் என்று நீ நினைப்பாய். அது பாதிதான். நோயின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும்: "நீங்கள் வீட்டிலைதானே இருந்தனீங்கள், பாக்கேல்லையோ?" அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பவும் எனக்கு வழியில்லை தம்பி. நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

எங்கே தொடங்குவது என்று யோசித்தால், நீ சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த அந்தக் கதையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. உன்னைப் பெற்ற நாலாம் நாள் ஷெல்லடிக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்தபோது, உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடிய விடிய நடந்தேன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். உன் கல்யாண வீட்டில்கூட சொன்னேன். உன் நண்பர்கள் கை தட்டினார்கள். உண்மையில் உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் உன் சித்தி. நான் உன் அப்பாவின் சைக்கிளில் பின்னால் குந்தியிருந்தேன். பள்ளம் வந்த இடங்களில் இறங்கி நடந்தேன், அதுவும் அழுது அரற்றிக்கொண்டுதான். கனடாவில் இருக்கிற உன் சித்தி இந்தக் கதையைக் கேட்டு இதுவரை ஒருநாளும் என்னைத் திருத்தவில்லை, அவளுக்குப் பெரிய மனது. நான் அந்தக் கதையை முதலில் பெருமைக்குத்தான் சொன்னேன். பிறகு கவிதாவை அடிக்கிற கம்பாக்கிவிட்டேன். சோபாவிலிருந்து எழும்ப அவள் யோசிக்கும் போதெல்லாம், "நாங்கள் பெத்த நாலாம் நாள் நடந்தனாங்கள்" என்று காற்றுக்குச் சொல்வதுபோலச் சொல்வேன். காற்று அவள் பக்கமாகத்தான் அடிக்கும்.

கவிதாவின் அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது, மதுரையிலிருந்து வர முடியவில்லை. பிள்ளைப்பேற்றை நான் பார்க்கிறேன் என்று மார்தட்டிப் பொறுப்பெடுத்துக்கொண்டேன். ஏழாம் மாதமளவில் அவள் தலை பின்னுவதை விட்டாள். கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு திரிகிறாள் என்று குறை எண்ணினேன். கையை அவ்வளவு நேரம் உயர்த்திப் பிடிக்க முடியாமல்தான் விட்டாள் என்பது எனக்கு விளங்கவில்லை. குக்கரை மேல் தட்டில் வைக்காமல் மேசையிலேயே விடுவாள், அது சோம்பல். நீ வேலையால் வந்ததும் கையை நீட்டி உன்னை இழுத்து எழுப்பச் சொல்வாள், அது செல்லம். சாப்பாட்டை மணிக்கணக்காக வைத்துப் பிசைந்து பாதியைக் கொட்டுவாள், என் கை ருசி மதுரைக்காரிக்குப் பிடிக்கவில்லை. விரல் மூட்டுகளில் சிவப்பாகத் தடித்திருந்ததைப் பார்த்து, "பாத்திரம் கழுவாத கைக்கு ஏனப்பா இந்தச் சிவப்பு?" என்று பகிடி விட்டேன். நீயும் சிரித்தாய். இதைவிட வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. அவளுடைய கண்ணிமைகள் மெல்ல ஊதா நிறமாகிக்கொண்டு வந்தன. அவள் இமைக்குச் சாயம் பூசுகிறாள் என்று நான் நினைத்தேன். தலை வாரப் பஞ்சி, அவ்வளவு சோம்பல், கண்ணுக்கு மட்டும் அலங்காரமா என்று உன் சித்திக்குப் போனில் சொல்லிச் சிரித்தேன். அந்த நிறம் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. ஒருநாள் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்திருந்தாலே அது சாயமில்லை என்று தெரிந்திருக்கும்.

அவள் தன் களைப்பைக் குடும்ப வைத்தியரிடம் சொன்னாள். கர்ப்பத்தில் களைப்பு வழக்கம்தான் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். வைத்தியரே சொல்லிவிட்டார், இவளுக்கு ஒன்றுமில்லை.

இதில் நான் என்ன வேலை செய்கிறவள் என்பதை நினைத்துப் பார். பதினைந்து வருடத்துக்கு மேலாக நர்சிங் ஹோமில் வயதானவர்களை எழுப்புவதும் இருத்துவதும்தான் என் பிழைப்பு. ஒருவரைக் கதிரையிலிருந்து எழுப்புமுன் கால் ஊன்ற முடிகிறதா, எங்கே நோகிறது என்று கேட்க வேண்டும், ஒருபோதும் அவசரப்படுத்தக் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் எங்களுக்குப் பயிற்சி வைப்பார்கள். முகம் தெரியாத வெள்ளைக்காரக் கிழவிகளுக்கு "டேக் யுவர் டைம், டார்லிங்" என்று தேனாகச் சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் உன் மனைவியிடம் "இன்னும் எழும்பேல்லையே?" என்பேன். அதே வாய்தான். சம்பளம் தருகிற இடத்தில் கேட்கத் தெரிந்த கேள்வி சொந்த வீட்டில் எனக்கு மறந்துபோனது. நீ எனக்குப் பரிந்துபேசி, களைத்து வந்த மனுசி என்பாய். அப்படிச் சொல்லாதே.

இனியா பிறந்தாள். நான் பத்தியக்கறி வைத்தேன், வேப்பிலை அவித்துத் தண்ணீர் வார்த்தேன். குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டக் கவிதாவின் கால் உயராது. நான் அவளுடைய காலைப் பிடித்து ஒரு சாமானைத் தூக்கிப் போடுவதுபோல உள்ளே வைத்தேன். பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கவும் அவளுக்கு இயலாமல் போனது. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளையைக் கட்டிலில் ஒரு சீலைத் துணி விரித்துக் கிடத்துவாள். பால் கொடுக்கும் நேரம் துணியின் நுனியைப் பிடித்து மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்து, தான் சரிந்து படுத்துக் கொடுப்பாள். இன்றைக்கு யோசித்தால் எவ்வளவு புத்தியான காரியம் அது. அன்றைக்கு அறை வாசலில் நின்று அதைப் பார்த்த எனக்கு உச்சந்தலை கொதித்தது. உடனே உனக்குப் போன் எடுத்தேன். "பிள்ளையைத் தூக்கிறாள் இல்லை தம்பி. துணியோடை போட்டு இழுக்கிறாள். அவளுக்கு இந்தப் பிள்ளையிலை ஆசை இல்லைப்போலை" என்றேன். நீ அலுவலகத்தில் இருந்தாய். பின்னேரம் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் போய், "உனக்கு இந்தப் பிள்ளை வேணுமா, வேண்டாமா?" என்று அவளிடம் கேட்டாய். "வேணும். தூக்கத்தான் முடியல" என்றாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குப் போனேன். அதை நீ அவள் சொன்னது பொய் என்று எடுத்துக்கொண்டாய். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

அந்தக் கேள்விக்காக நீ இன்றுவரை உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் செருப்பு எடுத்து வைப்பதும், அவள் கேட்குமுன் கிளாஸை நிரப்புவதும் அதனால்தான். தம்பி, அது உன் வாயில் வந்த என் கேள்வி. உனக்கும் அதில் பங்கு உண்டு, இல்லையென்று நான் சொல்லமாட்டேன். உன் கண்ணால் பார்க்காமல் என் கண்ணை நம்பினாய். ஆனால் கூடிய பங்கு என்னுடையது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன், நீ விடு.

பிறகு முப்பத்தொன்றாம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் கழிக்கிற துடக்குக் கழிவு. ஐயர் வந்து வீட்டைப் புண்ணியவாசனம் செய்து போன பிறகு, சனம் நிறைந்த கூடத்தில் கவிதா சீலை உடுத்துப் பெரியவர்களின் காலில் விழுந்து கும்பிட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நீ சாப்பாடு எடுக்கக் கடைக்குப் போயிருந்தாய். அவள் சுவரைப் பிடித்து முழங்காலில் இறங்கி என் காலடியில் நெற்றி வைத்தாள். வைத்தவள் அப்படியே கிடந்தாள். அன்ரிமார் வாயைப் பிளந்தார்கள். "இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு மருமகளோ! குடுத்து வைச்சனீங்கள்" என்றார்கள். யாரோ படம் எடுத்தார்கள். நான் அவளுடைய தலையில் கை வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். கீழேயிருந்து அவள் மெல்லிய குரலில், "எழுந்திரிக்க முடியல அத்தை" என்றாள். ஒரு தரம் சொன்னாள். எனக்குக் கேட்டது. நான் குனிந்து, "எல்லாரும் பாக்கினம், எழும்பு பிள்ளை" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. கடைசியில் அவள் பக்கவாட்டில் உருண்டு, கதிரைக் காலைப் பிடித்து, தன் முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி ஊன்றித்தான் எழும்பினாள். சீலை சறுக்கி வேர்த்துக் கொட்டியது. பக்தி முற்றிவிட்டது என்று ராணி அன்ரி கண் துடைத்தார். அந்தப் படத்தை நான் நெடுநாள் வாட்ஸ்அப்பில் முகப்பாக வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் நான் கொடுத்த மல்லித் தண்ணீர் அவளுடைய மூக்கு வழியாக வெளியே வந்தது. விழுங்குகிற தசையும் சோர்ந்துவிட்டது. நீ அவளைத் தூக்கிக் காரில் ஏற்றி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனாய், நானும் கூட வந்தேன். நீ காரை நிறுத்தப் போயிருந்தபோது ஒரு இளம் வைத்தியர், பெண் பிள்ளை, வந்து கேள்விகள் கேட்டார். கவிதாவின் குரல் மூக்கால் வந்தது, ஒரு வசனம் முடிக்குமுன் களைத்தாள். அதனால் என் பக்கம் திரும்பிக் கேட்டார். தலை வாருவதை எப்போது நிறுத்தினார்? ஏழாம் மாதம், எனக்குத் தெரியும். மேல் தட்டுக்குக் கை உயர்த்துவாரா? மாட்டார். கதிரையிலிருந்து உதவியில்லாமல் எழும்புவாரா? மாட்டார். படி ஏறுவது? கைப்பிடியில் தொங்கித்தான். இமையின் நிறம்? விரலின் சிவப்பு? எது முதலில் வந்தது? சாப்பிட எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒன்றுக்கும் நான் தடுமாறவில்லை. மருமகள் மேல் நான் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த குறைகளெல்லாம், அவர் கேட்கக் கேட்க வரிசையாக நோயின் விவரமாக வெளியே வந்தன. பாதி வழியில் எனக்கே விளங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்தப் பிள்ளை பேனையை மூடிவிட்டு, என்னுடைய கையைத் தொட்டு, "நீங்கள் மிகவும் கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள். இது எங்களுக்குப் பெரிய உதவி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். படுக்கையில் கிடந்த கவிதா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவும் தெரிந்திருந்ததா உங்களுக்கு என்று கேட்கிற பார்வை அது.

அந்த நேரம் நீ உள்ளே வந்தாய். வைத்தியர் உன்னிடமும் அதையே சொன்னார். நீ என் தோளைச் சுற்றிக் கை போட்டாய். அன்றிலிருந்து நீ எல்லாரிடமும், "அம்மாதான் எல்லாத்தையும் முதல்லை கவனிச்சவ, அதாலைதான் கெதியாக் கண்டுபிடிச்சவை" என்று சொல்லி வருகிறாய். நான் ஒருநாளும் மறுக்கவில்லை. கவிதாவும் மறுக்கவில்லை. அவள் ஏன் மறுக்கவில்லை என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. உன்னுடைய தாயை உன்னிடமிருந்து பிரிக்க அவள் விரும்பவில்லை. நான் அவளிடமிருந்து உன்னைப் பிரிக்க அவ்வளவு பாடுபட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இரத்தப் பரிசோதனை, தொடையை ஸ்கேன் எடுத்தது, தசையில் சின்னத் துண்டு வெட்டிப் பார்த்தது. ஸ்டீரொயிட் மாத்திரையில் அவளுடைய முகம் ஊதியபோது, "கவிதா இப்பதான் நல்லாக் கொழுத்து வடிவாயிருக்கிறா" என்று அன்ரிமார் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். மாதாமாதம் மருந்து ஏற்றப் போனதை வேலைப் பயிற்சி என்று சொல்லிவைத்தேன். வெயில் படக்கூடாது என்று அவள் தொப்பியோடும் நீளக் கையோடும் வந்தால், கறுத்துப்போவாள் என்ற பயம் என்று நானே முந்திக்கொண்டு சிரித்தேன். மெல்ல மெல்லத் தசை திரும்பியது. ஒரு நாள் காலையில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அவள் இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினிக்கு நடந்து வந்தாள். தானாகத் தூக்கி வந்திருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். "தேத்தண்ணி போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

சிட்னி வெஸ்ட்மீட்டில் உனக்குப் புது வேலை, அவளுக்குப் புது வைத்தியர்கள். போகிற இடத்தில் நீ செய்ய வேண்டியதாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், எடுப்பதும் விடுவதும் உன் விருப்பம். அவள் கேட்குமுன் ஓடி ஓடிச் செய்யாதே. அவளால் முடிந்ததை அவள் செய்யட்டும். முடியாது என்று சொன்னால் அந்த நிமிடமே நம்பு, சாட்சிக்கு ஆள் தேடாதே. யாராவது, முக்கியமாக நான், அவளைப்பற்றி உனக்குப் போன் எடுத்தால், "கவிதாட்டையே கேளுங்கோ" என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிடு. நோய் அடங்கியிருக்கிற காலம் பார்த்து, மருந்துகளை முன்கூட்டியே மாற்றி, வைத்தியர்களின் கண்காணிப்பில் இன்னொரு பிள்ளை பெறுவது முடியாத காரியமில்லை என்று வைத்தியர் சொன்னதாக நீ ஒருதரம் சொன்னாய். நான் அதில் முடியாத காரியமில்லை என்பதை மட்டும் காதில் போட்டுக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் "ஒண்டோடை நிப்பாட்டக் கூடாது" என்று அவளுக்குச் சொல்லித் திரிந்தேன். இனி அதைப்பற்றி என் வாயில் ஒரு சொல் வந்தால் நீ என்னைத் தடுக்க வேண்டும். மரியாதை பார்க்காதே.

பொய்யைக் கூட்டத்துக்கு நடுவில் சொல்லிவிட்டு, உண்மையை உன் காதுக்குள் மட்டும் சொல்வது நியாயமில்லை. அதனால்தான் இதை எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு எழுதுகிறேன். ராணி அன்ரியும் வாசிப்பார். ஆனால் இது என் உடம்பின் கதையில்லையே. நேற்றுக் கவிதாவுக்குப் போன் எடுத்தேன். உன்னிடம் கொடுக்கச் சொல்லாமல் அவளோடு கதைப்பதற்கென்றே நான் எடுத்த முதல் போன் அது. விசயத்தைச் சொன்னேன். "வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். முழுவதையும் வாசித்தேன். குரல் இரண்டு மூன்று இடத்தில் உடைந்தது, அவள் பொறுத்திருந்தாள். முடித்ததும் ஒரு திருத்தம் சொன்னாள்.

"அன்னிக்குக் கீழ கிடந்தப்ப நான் ரெண்டு தடவ சொன்னேன் அத்தை. நீங்க ஒரு தடவைன்னு எழுதியிருக்கீங்க."

நான் அதை மேலே திருத்தவில்லை. எனக்கு எவ்வளவு வசதியாக ஞாபகம் இருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியட்டும்.

"மலரிலை போடட்டோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"போடுங்க. வேற யாராவது வீட்டுல ஒரு பொண்ணு இப்படி இருந்தா, அவங்களாவது பார்க்கட்டும். ஆனா என்னைப் பாவம்னு எழுதாதீங்க. கடைசியில, நான் உங்களை மன்னிச்சிட்டேன்னும் எழுதிடாதீங்க."

"எழுதேல்லை" என்றேன்.

"இன்னும் இல்ல அத்தை" என்றாள்.

அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அம்மா